இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளின் உமிழ்நீர்: கேள்வி பதில்

கேள்வி: இரத்தத்தை எடுக்க வரும் கொசு எதற்காக உமிழ்நீரைச் செலுத்துகிறது?

பதில்: தோலைத் துளைத்தவுடன் காயம்பட்ட இரத்தக் குழாய் சுருங்குகிறது, தட்டணுக்கள் திரண்டு துளையை அடைக்கின்றன, குருதி உறையத் தொடங்குகிறது. இம்மூன்றையும் எதிர்கொள்ளும் பொருள்கள் உமிழ்நீரில் இருக்கின்றன. அப்பைரேஸ் என்னும் நொதி, தட்டணுக்களைத் திரளத் தூண்டும் ஏடிபியைச் சிதைக்கிறது. அனாபிலிஸ் கொசுவின் அனாபெலின், உறைதலுக்கு இன்றியமையாத த்ராம்பினை முடக்குகிறது. ஏடிஸ் கொசுவின் சியாலோகைனின் குழாயை விரிக்கிறது. கடித்த இடம் அரிப்பதும் இந்தப் புரதங்களை நம் உடல் எதிர்ப்பதால்தான்.

கேள்வி: எச்ஐவி உள்ளவரைக் கடித்த கொசு என்னைக் கடித்தால் தொற்றுமா?

பதில்: தொற்றாது. உமிழ்நீர் இறங்கும் குழாயும் இரத்தம் ஏறும் குழாயும் வேறு வேறு. உறிஞ்சிய இரத்தத்தோடு அந்த வைரஸும் செரித்துப் போகிறது. கொசுவின் வழியே பரவ வேண்டுமானால், கிருமி குடல் சுவரைக் கடந்து பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். டெங்கு வைரஸுக்கு இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. மலேரியா ஒட்டுண்ணி அச்சுரப்பியில் தங்குவதை 1898இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார்.

கேள்வி: மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி?

பதில்: அதுவும் கொசுவால் பரவுவதில்லை. முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி பரப்பும் சாகஸ் நோயும் உமிழ்நீரால்தானே வருகிறது?

பதில்: இல்லை. பூச்சி பரப்பும் நோய் என்றாலே உமிழ்நீர்தான் காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். சாகஸ் ஒட்டுண்ணி பூச்சியின் கழிவில் இருக்கிறது. சொறியும்போது காயத்துக்குள் நுழைகிறது.

கேள்வி: உமிழ்நீர் வெறும் ஊர்தி; நோயை உண்டாக்குவது கிருமி மட்டுமே என்பது என் கருத்து.

பதில்: இதை மறுக்கிறேன். இரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சியான மணல் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றோடு, அந்த ஈ பரப்பும், தோலில் புண் உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைக் கலந்து எலிகளுக்குச் செலுத்தியபோது, ஒட்டுண்ணியைத் தனியே செலுத்தியதைவிடப் புண் பன்மடங்கு பெரிதாயிற்று என்று 1988இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நீர் கடிபட்ட இடத்தின் நோயெதிர்ப்பைத் திசைதிருப்பி, கிருமிக்குக் களம் அமைத்துத் தருகிறது.

கேள்வி: அப்படியானால், கடிபடக் கடிபட நோய் கடுமையாக வேண்டுமே?

பதில்: கூர்மையான எதிர்வாதம். ஆனால் நடப்பது வேறு. கிருமியற்ற மணல் ஈக்கள் முன்பே கடித்த எலிகள், பின்னர் தொற்றுள்ள ஈக்கள் கடித்தபோது பெருமளவு பாதுகாக்கப்பட்டன என்று 2000இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உமிழ்நீர்ப் புரதங்களை முன்பே அறிந்த உடல், கடிவாயில் விரைந்து எதிர்வினை காட்டுகிறது; அந்தச் சூழலில் ஒட்டுண்ணி தழைப்பதில்லை. உமிழ்நீரையே குறிவைக்கும் தடுப்பூசி என்னும் எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

கேள்வி: அப்படியானால் கடிபடுவது நல்லதா?

பதில்: அல்ல. கடிக்கும் ஈ கிருமி சுமக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது, கடிபடாமல் காத்துக்கொள்ளுங்கள்.