கோபமும் வெட்கமும் வந்தால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமா?

இல்லை. மாற்கு 3:5-ல் இயேசுவே கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார். வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் ஒருவனைக் குணமாக்கினால் குற்றம் சாட்டலாம் என்று காத்திருந்தவர்களுக்காக வருத்தப்படவும் செய்கிறார். எபேசியர் 4:26-ம் கோபமே கூடாது என்று சொல்லவில்லை. பொழுது சாய்வதற்குள் தணியட்டும் என்கிறது.

வெட்கம்தான் சிக்கல். குற்ற உணர்வு ‘தப்பு செய்தேன்’ என்று சொல்லும்; வெட்கமோ ‘நானே தப்பு’ என்று ஒளிந்துகொள்ள வைக்கும். ஆதாமும் அப்படித்தான் மரங்களுக்குள் ஒளிந்தான். கடவுள் தேடி வந்தார், தண்டனையும் சொன்னார், அப்புறம் அவனுக்குத் தோல் உடையும் உடுத்திவிட்டார்.

இயேசுவின் சீடன் பேதுரு, அவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த இரவில் முற்றத்தில் கரிநெருப்பு எரிந்தது. உயிர்த்தெழுந்த இயேசு அவனிடம் மூன்று முறை ‘என்னை நேசிக்கிறாயா?’ என்று கேட்டபோதும் கரையில் கரிநெருப்பு இருந்தது (யோவான் 18, 21). எனக்கு இது தற்செயலாகப் படவில்லை. பழைய காயத்தை மூடி மறைக்காமல், அதைத் தொட்டபடியே ஆடுகளை, அதாவது தம் மக்களை, மேய்க்கும் பொறுப்பை இயேசு பேதுருவிடம் கொடுக்கிறார்.