பஸ்ஸூன் வாசிச்சே பொழைக்க முடியுமா?

லண்டன்ல இருக்கற ஒரு அப்பா கேட்டிருக்கார்: பொண்ணுக்கு 16 வயசு, ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ரால பஸ்ஸூன் (கீழ்ஸ்தாயில பேசற, நீளமான மரக் குழல் வாத்தியம்) வாசிக்கறா, அதையே மேற்கொண்டு படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா, பின்னாடி வேலை கிடைக்குமா?

சார், வேலை இருக்கு, ஆனா ஒண்ணாம் தேதி அக்கவுண்ட்ல சம்பளம் விழற மாதிரியான வேலை ரொம்ப அபூர்வம், ஏன்னா ஒரு பெரிய சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரால வயலினுக்கே முப்பது பேர் வரைக்கும் உட்காருவாங்க, பஸ்ஸூனுக்கு ரெண்டுல இருந்து நாலு சேர்தான், உட்கார்ந்தவங்களும் லேசுல எழுந்திரிக்க மாட்டாங்க. ஒண்ணு காலியாச்சுன்னா ஆடிஷன்ல மொஸார்ட் 1774ல எழுதின பஸ்ஸூன் கன்செர்டோ (ஒரு வாத்தியத்தை முன்னாடி வெச்சு ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கற உருப்படி), பீத்தோவன் நாலாவது சிம்ஃபனி கடைசில மின்னல் மாதிரி வந்துட்டுப் போற சோலோன்னு அதையேதான் கேப்பாங்க. பிரிட்டன்ல அதுல தேறினாலும் உடனே ஆர்டர் கிடையாது, ட்ரையல்னு சொல்லி சில பேரை மாத்தி மாத்தி மாசக்கணக்கா கூப்பிட்டு வாசிக்க வெச்சுப் பாத்துட்டுதான் ஒருத்தரை எடுப்பாங்க.

அதனால முக்காவாசிப் பேரோட பொழைப்பு பகல்ல ஸ்கூல் ஸ்கூலா போய் பாடம் எடுக்கறது, சாயங்காலம் யாருக்காவது உடம்பு சரியில்லன்னா அவங்க இடத்துல டெப்பா போய் வாசிக்கறதுன்னு கலந்துதான் ஓடும். டீச்சிங்கை இளக்காரமா நினைக்காதீங்க, விவால்டியே வெனிஸ்ல ஆதரவில்லாத பொண்ணுங்க விடுதில வயலின் வாத்தியார்தான், அவர் பஸ்ஸூனுக்குன்னே முப்பதுக்கு மேல கன்செர்டோ எழுதி வெச்சிருக்கார். ஒரு ஸ்கூல்ல பஸ்ஸூன் பசங்க ஒண்ணு ரெண்டு பேர்தான் தேறுவாங்க, அதனால கிளாரினெட்டோ ஓபோவோ சேத்து சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சா பிழைச்சா. பஸ்ஸூனை விடப் பெருசா, இன்னும் கீழ்ஸ்தாயில பேசற கான்ட்ராபஸ்ஸூன் கையில இருந்தா டெப் கால் இன்னும் வரும்.

இப்ப யாரும் சொல்லாத விஷயம், ரீடு. நாதஸ்வரத்துக்கு சீவாளி எப்படியோ அப்படி. கடைல வாங்கினா ஒண்ணே 20 பவுண்டு பக்கம் ஆகும், ஈரம் மாறினா மக்கர் பண்ணும், சில வாரத்துல செத்துரும். அதனால ப்ரொஃபஷனல்ஸ் பெரும்பாலும் தாங்களே செஞ்சுப்பாங்க: நாணலைத் தண்ணில ஊறவெச்சு, ரெண்டா மடிச்சு, மூணு கம்பி கட்டி, நூல் சுத்தி, நுனியைக் கத்தியால சீவி, வாயில வெச்சு ஊதி அது காக்கா மாதிரி கரகரன்னு கத்துதான்னு பாக்கணும், சரியில்லன்னா இன்னும் துளி சீவணும், கொஞ்சம் ஜாஸ்தி சீவிட்டா குப்பைத்தொட்டி. கச்சேரி இல்லாத ராத்திரியெல்லாம் இதுலயே போயிரும். பொண்ணு இந்த வேலையை ரசிச்சு செய்யறாளா அலுத்துக்கறாளான்னு கவனிங்க, என்னைக் கேட்டா கிரேடு எக்ஸாம் மார்க்கை விட இதுதான் பெரிய டெஸ்ட்.

வாத்தியம் வாங்க அவசரப்படாதீங்க. ஜெர்மனில செய்யற ஹெக்கல் வேணும்னு அவ கேப்பா, அது பல பத்தாயிரம் பவுண்டு சமாச்சாரம், இப்போதைக்கு ஸ்கூல்ல குடுத்ததோ நல்ல செகண்ட் ஹேண்டோ போதும்.

அப்புறம் தேதி முக்கியம்: கன்சர்வடோர், அதாவது சங்கீதக் காலேஜ், அப்ளிகேஷன் அக்டோபர் ஆரம்பத்துலயே முடிஞ்சுரும், சாதா யூனிவர்சிட்டிக்கு ஜனவரி வரைக்கும் டைம் இருக்கேன்னு ஏமாந்துராதீங்க. அதுக்கு முன்னாடி, அவ போக நினைக்கற காலேஜ்ல பஸ்ஸூன் எடுக்கற ஒருத்தர்கிட்ட காசு குடுத்தாவது ஒரு கன்சல்டேஷன் லெசன் போட்டு, இந்த வருஷமே ஆடிஷன் போகலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமான்னு நேரா கேட்டுருங்க.