வைக்கிங் வரலாறு படிக்கப் பணம் கட்டும் முன்

கேள்வி: டிவி தொடர் பார்த்து வைக்கிங்குகள் மேல் ஆர்வம் வந்துவிட்டது. இணையத்தில் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். ஆறாயிரம் ரூபாய்க்கு ஆன்லைன் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று இருக்கிறது. 'ரகசியச் சுவடிகள்' தருவார்களாம். சேரலாமா? எதை நம்பிப் படிப்பது?

பதில்: சேராதீர்கள். ரகசியச் சுவடி என்று எதுவும் கிடையாது. வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் கதைகளைச் சொல்லும் ஐஸ்லாந்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுத்து 'ஹாண்ட்ரிட்' என்ற தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். 1892-இல் லண்டனில் தொடங்கிய வைக்கிங் சொசைட்டி, தான் பதிப்பித்த மூலங்களையும் மொழிபெயர்ப்புகளையும் பெரும்பாலும் இலவச பிடிஎஃப் ஆகத் தருகிறது. அதை இறக்கி, அட்டையை மாற்றி விற்கிற புண்ணியவான்கள் நிறையப் பேர்.

கழுத்தில் மாட்ட 'வைக்கிங் திசைகாட்டி' என்று வெக்விசிர் என்ற சின்னம் பொறித்த டாலர் விற்கிறார்களே, அதுவும் இதே வியாபாரம்தான். அந்தச் சின்னம் நமக்குக் கிடைப்பது 1860-இல் ஐஸ்லாந்தில் எழுதிய ஒரு பிரதியில். வைக்கிங் காலமோ 793-இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை அவர்கள் தாக்கியதில் தொடங்கி 1066 வாக்கில் முடிந்துவிட்டது. நடுவே எண்ணூறு வருடம். கொம்பு வைத்த தலைக்கவசம்? 1876-இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்குத் தைத்த உடைகளோடு பரவியது. நார்வேயின் யெர்முன்பூ பண்ணையில் 1943-இல் கிடைத்த நிஜக் கவசத்தில் கொம்பு இல்லை.

ஆகவே எதைப் படித்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: இது எப்போது எழுதியது? வைக்கிங்குகளின் கடவுள் கதைகளை நமக்குச் சொல்லும் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் 1220 வாக்கில் எழுதியவர், கிறிஸ்தவர். ஐஸ்லாந்து மதம் மாறி இருநூறு வருடம் ஆகியிருந்தது. சாகாக்கள் என்ற பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளும் அப்படித்தான், கதையாகப் படியுங்கள், சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே விலக்கு, சாகாவுக்குள் வரும் பாட்டு. நம் வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும் அல்லவா? அரசவைப் புலவர்களின் பாட்டும் அந்த மாதிரி. அடிக்கு ஆறு அசை, மோனை, அடிக்குள்ளேயே எதுகை என்று கட்டு இறுக்கமானது. வாய்வழியாக இருநூறு வருடம் வந்தாலும் சொல்லை மாற்றினால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். ஸ்நோரியே தன் அரசர் வரலாற்று முன்னுரையில், சரியாகப் பாடிய பாட்டு என்றால் அதைத்தான் நம்பலாம் என்கிறார். அதனால் சாகா வாங்கும்போது பாட்டை வெட்டிவிட்டு உரைநடையை மட்டும் தரும் 'எளிய பதிப்பு' வேண்டாம். நம்பக்கூடிய பகுதியைத்தான் வெட்டியிருப்பார்கள்.

வைக்கிங் காலத்திலேயே எழுதியது வேண்டுமென்றால், ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள். டென்மார்க்கின் யெல்லிங்கில், அப்பா கோர்முக்கும் அம்மா தைராவுக்கும் ஹரால்டு அரசன் நிறுத்திய நினைவுக்கல், 'டேனியரைக் கிறிஸ்தவராக்கியவன் நான்' என்று தன் பெருமையையும் சேர்த்தே சொல்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளின் வாசகங்களை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தொகுத்த தரவுத்தளத்தில் மொழிபெயர்ப்போடு பார்க்கலாம். 'வைக்கிங் எழுத்து' என்று 24 எழுத்து ரூன் அட்டவணை காட்டினால் அது அதற்கு முந்தைய காலத்தது. வைக்கிங் காலத்தில் 16 எழுத்துதான். பச்சை குத்திக்கொள்ளும் முன் எண்ணிப் பாருங்கள்.

ஆய்வுக் கட்டுரை படிக்கலாம் என்றால் அங்கே வேறு கொள்ளை. மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கும். படிக்க நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டும். நான் எழுதிய கட்டுரையைத் திறக்க என்னிடமே முப்பது டாலர் கேட்ட இதழ் உண்டு! கட்டாதீர்கள். எழுதியவருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்பிவிடுவார்.

முதலில் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத் தளத்தின் ஆங்கிலப் பக்கங்களைப் படியுங்கள், எளிமையாக இருக்கும். அப்புறம் அந்தப் படிப்புக்காரரிடம் ரகசியச் சுவடியின் எண்ணைக் கேளுங்கள். எட்டா எனப்படும் பழைய கடவுள், வீரர் பாடல்களின் தலையாய பிரதிக்கே ஜி.கே.எஸ். 2365 என்று எண் இருக்கிறது.