ஃபேனைத் துடைத்தேன், பேட்டரியைக் காணோம்!

கேள்வி: லேப்டாப் ரொம்பச் சூடானதால் வீட்டிலேயே பின்மூடியைக் கழற்றி ஃபேன் தூசியை எடுத்தேன். சூடு குறைந்துவிட்டது. ஆனால் இப்போது சார்ஜர் போட்டால்தான் ஓடுகிறது. பேட்டரி படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. புது பேட்டரி வாங்கிவிடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நேற்றுவரை ஓடிய பேட்டரி, ஃபேனைத் துடைத்ததால் செத்துப்போகாது. கழற்றும்போது நீங்கள் எடுத்துவிட்ட பேட்டரி கனெக்டர் (பேட்டரி வயரை மதர்போர்டில் செருகும் பிளக்) திரும்ப முழுதாக உட்காரவில்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் திறந்து மூடிய லேப்டாப் கடைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்தக் கனெக்டரில் சில வயர்கள் மின்சாரத்துக்கு, சில தகவலுக்கு. பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட், சார்ஜ் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று மதர்போர்டுக்குச் சொல்வது இந்தத் தகவல் வயர்கள் வழியாகத்தான். அதில் ஒரு பின் தொடாமல் போனாலும், பேட்டரி செல்லில் சார்ஜ் இருந்தும் லேப்டாப்புக்குப் பேட்டரி தெரியாமல் போகலாம். என் சொந்த லேப்டாப்பிலேயே இது நடந்தது. மேலிருந்து பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோதுதான் ஒரு முனை நூலளவு தூக்கி நிற்பது தெரிந்தது.

லேப்டாப்பை ஷட்டவுன் செய்து சார்ஜரை எடுத்துவிட்டுத் திறங்கள். கனெக்டரின் பிளாஸ்டிக் ஓரத்தை நகத்தால் நகர்த்திக் கழற்றுங்கள்; வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் நுனி அந்தப் பக்கமே போகக் கூடாது, ஷார்ட் ஆனால் மதர்போர்டுக்கே செலவு. கழற்றியதும் பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கனெக்டரின் பின் எதுவும் வளையவில்லை என்றால் நேராக வைத்து, இரண்டு முனையும் சமமாக உட்காரும்வரை அழுத்துங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் எதையும் தொடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மூடும்போது திருகுகளில் கவனம். நீளமும் குட்டையும் கலந்திருக்கும். நீளமானது இடம் மாறிப் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கலாம்.

அப்புறம் சார்ஜரைப் போட்டு ஆன் செய்யுங்கள். சில மாடல்களில் சார்ஜர் போட்டால்தான் பேட்டரி விழிக்கும். அப்போதும் சிவப்புக் குறி போகவில்லையா? பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போய்ப் பாருங்கள். அங்கே பேட்டரி தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில்தான். டிவைஸ் மேனேஜரில் பேட்டரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள், தானாக வந்துவிடும். பயாஸிலும் பேட்டரி தெரியவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் மாற்றத்தான் வேண்டும் என்றால், பழைய பேட்டரி லேபிளில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே 3 செல், 4 செல் என்று இரண்டு விதம் வருவதுண்டு.