மெட்டி வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: எனக்கு 26 வயது. வியாசர்பாடி. அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். மூன்று வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். ‘கல்யாணச் செலவுக்குப் பணம் சேரட்டும், அதுவரைக்கும் திருவொற்றியூரில் ஒரு போர்ஷன் எடுத்துச் சேர்ந்து இருப்போம்’ என்கிறார். ஹவுஸ் ஓனர் கேட்டால் சமாளிக்க மெட்டி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இதனால் எங்கள் உறவு கெட்டுப்போகுமா?

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மெட்டிதான். தண்ணி பிடிக்க நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா, ‘உங்க வீட்டுக்காரருக்கு எங்க வேலை?’ என்பார். குடத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாய். தினமும். அந்தப் பொய் உன் காலில் மட்டும்தான் கிடக்கும். அவர் காலில் ஒன்றும் இருக்காது.

சேர்ந்து வாழ்வது குற்றம் என்று யாராவது மிரட்டினால் நம்பாதே. 2010இல் குஷ்பு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமும் திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்குத் துணை நிற்கும். ஆனால் ஊரறியக் கணவன் மனைவியாகக் கணிசமான காலம் வாழ்ந்ததை நீதான் காட்ட வேண்டும். ஆறே மாதத்தில் அவர் பெட்டியைத் தூக்கினால் கோர்ட்டில் ரொம்பக் கஷ்டம்.

உறவு கெடுமா என்றால், ஒரே வீட்டில் இருப்பதாலேயே கெடாது. டென்வர் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்டான்லியும் கலேனா ரோட்ஸும் அமெரிக்க ஜோடிகளைப் பல வருடம் கவனித்தார்கள். கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டுக் குடிபோனவர்களைவிட, முடிவெடுக்காமல் குடிபோனவர்களுக்குத்தான் பிற்பாடு சிக்கல் அதிகம். அட்வான்ஸ், கட்டில், ஃபிரிட்ஜ் என்று சேர்ந்துவிட்டால், மனசு ஒட்டாதபோதும் பிரிந்து வரக் கால் எழாது.

பணம்தான் தடையா? 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத்திருத்தப்படி, இருவரும் இந்துக்கள் என்றால் மண்டபம், ஐயர் எதுவும் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினால் போதும். பிறகு பதிவு செய்துகொள்ளலாம். வேறு மதம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ். போர்ஷன் அட்வான்ஸை விட இது குறைவாகத்தான் ஆகும். இதை அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார். சந்தோஷப்படுகிறாரா, வேறு காரணம் தேடுகிறாரா?

மெட்டியை இப்போது வாங்காதே. அவரை வீட்டுக்கு வரச் சொல். ஞாயிறு வேண்டாம், அம்மாவுக்கு அன்றைக்குத்தான் வியாபாரம். திங்கட்கிழமை சாயங்காலம் அவரே அம்மா எதிரில் உட்கார்ந்து ஒரு தேதி சொல்லட்டும்.