ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்

ஐயா, உங்கள் மகள் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்திருக்கிறாள். வகுப்பில் திணறிவிடுவாளோ என்ற பயத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதல் செமஸ்டரில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பேச்சில் இல்லை. சானட், எலிஜி, ஓட் என்று ஆசிரியர் கவிதை வகைகளை அடுக்கும்போது, அவை என்னவென்றே தெரியாமல் விழிப்பதில்தான். பேச்சு பின்னால் வந்து சேரும்.

உண்மையில் அவளுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதி மார்க் வாங்கியவள்தானே? ஷேக்ஸ்பியரின் 18-வது சானட்டின் முதல் வரியை எடுத்து, மேசையில் தட்டித் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: "ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே." பத்து அசை வரும். ஒன்று மெல்ல, அடுத்தது அழுத்தி என்று ஐந்து ஜோடி. இதைத்தான் ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்று பயமுறுத்துகிறார்கள். நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை பிரிக்கிறோம். அவர்கள் எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று பார்க்கிறார்கள். அந்த வித்தியாசம் பிடிபட்டால் போதும்.

சானட் என்றால் 14 வரி. ஷேக்ஸ்பியர் எழுதிய முறையில் நான்கு நான்காக மூன்று பத்தி, கடைசியில் ஒரே ஓசையில் முடியும் (நம் இயைபு போல) இரண்டு வரி. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பெயரில் வழங்கும் முறையில் எட்டும் ஆறுமாகப் பிரியும். எலிஜி இறந்தவரை நினைத்து இரங்கும் பாட்டு; நம் கையறுநிலைக்கு நெருங்கிய உறவு. 1637-ல் கடலில் மூழ்கி இறந்த நண்பர் எட்வர்ட் கிங்குக்காக ஆங்கிலக் கவிஞர் மில்டன் எழுதிய "லிசிடஸ்" ஒரு நல்ல உதாரணம். ஓட் என்பது ஒருவரையோ ஒன்றையோ போற்றிப் பாடுவது. பேலட் என்பது கதைப்பாடல். நல்லதங்காள் கதையை நினைத்துக்கொண்டால் மறக்காது.

அப்புறம் பழைய சொற்கள். மேலே வந்த "தீ" என்பது "உன்னை"; "தௌ" என்றால் "நீ". ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரு பாத்திரம் "யூ"விலிருந்து "தௌ"வுக்கு இறங்கினால் அன்பு கூடியிருக்கலாம், கோபமும் ஏறியிருக்கலாம். நீ, நீங்கள் வித்தியாசத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். இன்றைய ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே "யூ"தான். "நைஸ்" என்ற சொல் முன்பு அறிவற்றவன் என்ற பொருளில் வழங்கியது. இப்படிப்பட்ட சொற்களை எழுதி வைக்க ஒரு 80 பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினம் ஐந்து சொல், அவை வந்த வரியோடு. வரி இல்லாமல் அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். வெறும் பி.ஏ.வை நம்பி உட்கார முடியாது, அதை மறைக்க விரும்பவில்லை. பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் என்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்து டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வு எழுத வேண்டும். கல்லூரி என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு), கூடவே நெட் (தேசிய அளவிலான தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநில அளவிலானது). நெட் தேர்வின் இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மார்க். இலக்கிய வடிவம், எந்த நூலுக்கு அடுத்து எந்த நூல், யார் எழுதியது என்று அங்கே கேட்பதற்கெல்லாம் அடித்தளம் முதல் வருடப் பாடம்தான். பதிப்பகத்தில் பிழை திருத்துவது, மொழிபெயர்ப்பு, கன்டென்ட் ரைட்டிங் போன்ற வேலைகளும் இருக்கின்றன. அங்கே டிகிரியைவிட எழுதிக் காட்டுவதற்குத்தான் மதிப்பு.

மூன்றாம் வருடம் தொடங்கும்போது மார்க் ஷீட்டோடு அவளையும் அழைத்து வாருங்கள். பி.எட்.டா, எம்.ஏ.வா என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.