ஆறு நிமிடம் நிற்பது

வணக்கம். எனக்கு 39 வயது. அடுத்த வருடம் மூத்தோர் தடகளத்தில் 100 மீட்டர் ஓட ஆசை. தினமும் காலையில் பத்து முறை 100 மீட்டர் ஓடுகிறேன், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று மாதம் ஆகிறது, ஒரு நாள் 15.4 நொடி வருகிறது, மறுநாள் 15.6. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்கினால் நேரம் குறையுமா? இந்த வயதில் வேகம் வருமா?
கே.

அன்புள்ள கே.,

ஸ்பைக்ஸ் இப்போது வேண்டாம், கெண்டைக்கால் பழகட்டும். 15.4, 15.6 என்று மனதை அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். கையால் அழுத்தி எடுக்கும் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடவே 0.24 நொடி கூட்டுவது வழக்கம், உங்கள் வித்தியாசம் அதைவிடக் குறைவு. வயது? செயின்ட் கிட்ஸ் நாட்டு ஓட்டக்காரர் கிம் காலின்ஸ் 2016-ல், 40 வயதில், 100 மீட்டரை 9.93 நொடியில் ஓடினார். ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் தாயான பிறகு, 34 வயதில் 10.60 ஓடினார். அவர்கள் சின்ன வயதிலிருந்து ஓடியவர்கள் என்பீர்கள். சரி, நீங்கள் இன்னும் முறையாகத் தொடங்கவே இல்லை, அதனால் உங்களுக்குக் குறைக்க நிறைய இடம் இருக்கிறது.

அந்த ஒரு நிமிட ஓய்வைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் வந்தது. பத்து முறையாம், ஒரு நிமிடமாம்! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? முழு வேகத்தில் ஓடும்போது தசை முதலில் எடுத்துச் செலவழிப்பது பாஸ்ஃபோகிரியேட்டின் என்ற சின்னச் சேமிப்பை. சில நொடிகளில் அது வற்றிவிடும், திரும்ப நிறைய நிமிடக்கணக்கில் ஆகும். மூன்றாவது ஓட்டத்திலிருந்து நீங்கள் ஓடுவது மெதுவான ஓட்டம். அதையே தினமும் ஏழெட்டு முறை உடம்புக்குப் பழக்கிக் கொடுக்கிறீர்கள், உடம்பும் ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறது.

நானும் 43 வயதில் இதையேதான் செய்தேன். எட்டாவது ஓட்டம், கால் முன்னே வீசித் தரையில் படப்போகிற நேரம், தொடையின் பின்பக்கம் யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. பின்தொடைத் தசை கிழிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கவே பல வாரம் சிரமப்பட்டேன்.

அப்புறம்தான் ஒரு வயதான கோச்சிடம் போனேன். நன்றாக உடம்பைச் சூடாக்கிய பிறகு 60 மீட்டர் ஓடச் சொன்னார். ஓடி முடித்துத் திரும்பி நடந்து வந்தால், ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டார். 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்பது அவர் கணக்கு, பல கோச்சுகளின் கணக்கும் அதுதான். இரண்டாவது நிமிடத்திலேயே மூச்சு சீராகிவிட்டது, முன்கையில் வியர்வைகூடக் காய்ந்துவிட்டது. போகட்டுமா என்றேன். "மூச்சு வந்துடுச்சு, கால் இன்னும் வரலை, நில்லுங்க" என்றார். அன்று மொத்தம் நான்கு ஓட்டம், அவ்வளவுதான். களைப்பே இல்லாமல் வீட்டுக்குப் போனதில் ஏதோ ஏமாற்றிவிட்டு வந்தது போல எனக்குக் குற்ற உணர்ச்சி. நாம் வளர்ந்தவர்கள் இப்படித்தான் இருக்கிறோம், கே. நாக்குத் தள்ள உழைத்தால்தான் உழைப்பு என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள், வேலையிலும் அப்படி, மைதானத்திலும் அப்படி. உங்கள் கடிதத்தில் "தினமும்" என்ற சொல்லில் ஒரு பெருமை இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

உலகின் மிக வேகமானவர்களும் 100 மீட்டரின் கடைசிப் பகுதியில் வேகம் குறைந்துதான் ஓடுகிறார்கள். உசைன் போல்ட் 9.58 நொடியில் ஓடிய அன்றும் உச்ச வேகம் 60-வது மீட்டருக்கும் 80-வது மீட்டருக்கும் நடுவில்தான் இருந்தது. அதைத் தாண்டித் தாக்குப்பிடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்த உச்சம் உங்களுக்கு வரட்டும். வாரம் இரண்டே நாள், 30 மீட்டரும் 60 மீட்டரும், நான்கைந்து முறை. நேரம் இறங்கத் தொடங்கினால் தொடருங்கள், ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறினால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். தொடை லேசாக இழுத்தாலும் அப்படியே வீட்டுக்குப் போய்விடுங்கள், தயவுசெய்து.

ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். நேரத்தோடு, நடுவில் எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள், நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.